ஸ்டாண்டர்ட் சார் வீட்டு நெட்வொர்க்

தேநீர்க் கடை மேசையில் சிந்திக் கிடக்கும் தேநீரில் ஸ்டாண்டர்ட் சார் ஆள்காட்டி விரலைத் தோய்த்து, சுற்றிலும் ஐந்து புள்ளி வைக்கிறார். நடுவில் கொஞ்சம் பெரிதாக ஒரு புள்ளி. வெளியே உள்ள ஒவ்வொன்றிலிருந்தும் நடுவுக்கு ஒரு கோடு இழுக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்டதெல்லாம், தம்பியை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்பதுதான்.

"இது ஸ்டார். நடுவுல இருக்கு பாருங்க, அதுதான் சுவிட்ச். எல்லாரும் அதுகிட்ட சொல்லணும், அது மத்தவங்ககிட்ட சொல்லும். ஓரத்துல ஒரு ஒயர் அறுந்தா ஒருத்தனுக்குத்தான் நஷ்டம். நடுவுல இருக்கிறது போச்சுன்னா?"

கேட்டவர் உதவிக்குக் கடைக்காரரைப் பார்க்கிறார். கடைக்காரர் தினம் பார்ப்பவர். பாத்திரம் கழுவப் போய்விடுகிறார்.

"மொத்தமும் போச்சு!" என்று பதிலையும் இவரே சொல்லிவிட்டு, உள்ளங்கையால் படத்தை அழித்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். எந்தச் சட்டை போட்டாலும் வலது பக்கம் அந்த இடம் பழுப்பாகத்தான் இருக்கும்.

மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கணினிப் பயிற்சி மையத்தில் நெட்வொர்க் பாடம் எடுப்பது இவர் தொழில். மாணவர்கள் வைத்த பெயர் ஸ்டாண்டர்ட் சார். மரியாதையில் வைத்தார்கள் என்று நம்புகிறார், நம்பிவிட்டுப் போகட்டும். நடை, நிற்பது, சாக்பீஸ் பிடிப்பது எல்லாமே, உலகத்தில் கம்பி இழுத்துக் கணினிகளைப் பிணைத்த முதல் மனிதர் இவர்தான் என்பதுபோல் இருக்கும். பாடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நெட்வொர்க் எத்தனை வகை என்று எவனாவது கேட்டால் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்.

"புருஷன் பொண்டாட்டி சண்டை வீட்டுக்குள்ளயே முடிஞ்சா அது லேன். ஊர் முழுக்கத் தெரிஞ்சா அது மேன். கடல் தாண்டி இருக்கிற சம்பந்தி வரைக்கும் போயிடுச்சுன்னா அது வேன். அவ்வளவுதான்டா வித்தியாசம். தூரம்தான் கணக்கு."

வகுப்பு சிரிக்கும். பெண்கள் வரிசை கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கும். பிறகு அமைப்புகளுக்கு வருவார். பஸ் என்றால் ஒரே நீளக் கம்பி, எல்லோரும் அதில் தொங்க வேண்டியதுதான். கம்பி அறுந்தால் அத்தனை பேரும் நடுத்தெருவில். ரிங் என்றால் வட்டம். பக்கத்து ஆள் வாங்கி அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும், நடுவில் ஒருவன் தூங்கினால் செய்தியும் அங்கேயே தூங்கும். மெஷ் என்று சொல்லும்போது மட்டும் முகம் சுளிப்பார். "எல்லாரும் எல்லார்கிட்டயும் நேரா பேசுவாங்க. ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி. ஒயர் ஜாஸ்தி, செலவு ஜாஸ்தி, ஒழுக்கம் கம்மி."

ஒழுக்கத்தில் கறார் பேர்வழி. கேபிளுக்குள் இருக்கும் எட்டு கம்பியை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதை, கண்ணை மூடிக்கொண்டு ராகம் போட்டுச் சொல்வார்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஒரு நாள் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டுவிட்டாள். "சார், ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி மாத்திப் போட்டாலும் வேலை செய்யுமே?"

"செய்யும். திருடனுக்கும்தான் சோறு செரிக்குது. அதுக்காக?"

ஸ்டாண்டர்ட் என்பது என்ன என்று இவர் விளக்குவது அழகாகத்தான் இருக்கும். ஒருவன் செய்த கணினியும் இன்னொருவன் செய்த சுவிட்சும் முன்பின் முகம் பார்த்ததில்லை. ஆனாலும் செருகியவுடன் பேசிக்கொள்கின்றன. எப்படிப் பேசுவது என்று எல்லோரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட விதிதான் ஸ்டாண்டர்ட். "ஒத்துக்கணும்டா. நான் பெரியவனா நீ பெரியவனாங்கிற பேச்சுக்கே இடம் இல்ல." இதைச் சொல்லும்போது மேசையை மூன்று தடவை தட்டுவார். மூன்றாவது தட்டலில் சாக்பீஸ் டப்பா விழும். பெரியவர் யார் என்பதில் சந்தேகம் வராத மனிதர் வேறெப்படிச் சொல்வார்?

இவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. கூடத்து அலமாரியில் சாமி படம் வைக்க வேண்டிய உயரத்தில் சுவிட்சும் ரவுட்டரும் கொலுவிருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் கேபிள்கள் குளியலறைக் கதவுக்கு மேலாக, சமையலறை ஜன்னலைச் சுற்றி, மகளின் கட்டில் காலை உரசிக்கொண்டு போகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: கூடம் இரண்டு, படுக்கை ஒன்று. வைஃபையும் ஓடுகிறது, ஆனால் அது கைபேசிக்கு மட்டும். "காத்துல வர்றதெல்லாம் ஒரு கனெக்‌ஷனா?" என்பார். மாவு சலிக்கும்போது மனைவியின் கால் கேபிளில் தட்டாத நாள் கிடையாது. "பூனை உருட்டின நூல்கண்டுக்குள்ள குடித்தனம் நடத்தறேன்" என்பார் அந்த அம்மா.

கம்பிகளை மட்டுமல்ல, ஆட்களையும் இவர் ஸ்டாராகத்தான் கட்டி வைத்திருக்கிறார். மகளுக்குப் பள்ளியில் சுற்றுலா என்றால் முதலில் இவரிடம் சொல்ல வேண்டும். இவர் மனைவியிடம் சொல்வார். மச்சான் ஊரிலிருந்து வருவதாக மனைவியிடம் நேராகச் சொல்லிவிட்டால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த மூன்று பேரும் கைபேசியில் இவரில்லாமல் ஒரு தனிக் குழு வைத்திருப்பதும், எல்லா முடிவும் அங்கே எடுத்த பிறகே இவரிடம் அனுமதிக்கு வருவதும் நடுவில் இருப்பவருக்கு மட்டும் தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் அந்த அம்மாவுக்கு நேர்முகத் தேர்வு வந்தது.

மகள் பிறந்தபோது விட்ட கணக்கு டீச்சர் வேலை. திரும்பப் போக எத்தனையோ இடத்தில் கேட்டுப் பார்த்து, இடைவெளி அதிகம், வயது அதிகம் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில், திரை வழியாகவே வகுப்பு நடத்தும் ஒரு பள்ளி கூப்பிட்டது. காலை பதினோரு மணிக்கு மூன்று பேர் கேள்வி கேட்பார்கள். மாதிரிப் பாடம் ஒன்றும் நடத்திக் காட்ட வேண்டும். இதுவும் போனால் இனி விண்ணப்பமே போடப் போவதில்லை என்று மனைவி அண்ணனிடம் சொல்லி அழுதிருந்தார். இவரிடம் சொன்னது ஒரே வரி.

"என்னங்க, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் எதையும் தொடாதீங்க."

"நான் ஏன் தொடறேன்? நல்லா இருக்கான்னு பார்க்கறேன், அவ்வளவுதான்" என்றவர், அன்று விடுப்பு எடுத்துக்கொண்டார்.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மனைவி படுக்கையறையில் மடிக்கணினியைத் திறந்து, படம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று மச்சானிடம் பேசிச் சரிபார்த்தார். இவருக்குத்தான் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. அலமாரியைத் துடைத்தார். சுவிட்சைத் துடைத்தார். அதன் பக்கவாட்டில் ஒரு நீலக் கேபிளின் முனை தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கும் முனை இவருக்கு ஆகாது. பார்த்தால் பல் கூசும். காலியாக இருந்த ஓட்டையில் சொருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு அடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தி.

அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது.

இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் இவர் நடித்தே காட்டுவார். ஒரு முனையில் போன செய்தி மறுமுனை வழியாக அங்கேயே திரும்பி வரும். வந்ததை எல்லாப் பக்கமும் மறுபடி அனுப்பும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், வதந்திபோல் சுற்றிச் சுற்றிப் பெருகி, கடைசியில் உண்மையான செய்தி நுழைய இடமே இருக்காது. "இது லூப். இதைச் செய்யறதுக்குன்னே ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒரு முட்டாள் இருப்பான்" என்று முடிப்பார்.

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, படம் அப்படியே நின்னுடுச்சு." அடுத்து, "வைஃபையும் இல்லைங்க." சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் பேய் பிடித்தாற்போல் கண் சிமிட்டின. அதைப் பார்த்தும் இவருக்கு உறைக்கவில்லை. தன் வீட்டில் முட்டாள் கிடையாது என்பதில் அவ்வளவு உறுதி. நேரே இணைய இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டார்.

"லைன் கொடுக்கறீங்களா இல்ல விளையாடறீங்களா? நான் யாரு தெரியுமா? நெட்வொர்க்கே நான் சொல்லிக்கொடுக்கறேன்!"

"சரிங்க சார். ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க சார்" என்றது அந்தப் பக்கத்துப் பெண் குரல்.

அவமானம் பிடுங்கித் தின்ன, அணைத்துப் போட்டார். அதே பேயாட்டம். திரும்பிப் பார்த்தபோது மனைவி மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாடிப்படியில் அந்தச் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது.

வீடு காலியானதும் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்தார். நீலத்தைப் பிடுங்கியதும் சுவிட்ச் சாதுவாகிவிட்டது. கையில் இருந்த முனையைப் பார்த்தார், மறுமுனை எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனார், அது இருந்த இடத்துக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, நெட் வந்துவிட்டது என்று சொல்ல, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் கீழே ஓடினார்.

தரைத்தளத்தில் தையல்காரம்மா வீடு. முன் அறையில் துணிக் குவியலுக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மனைவி பின்னங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். துண்டுத் துணியைக் கத்தரித்து அரை, கால் என்று தூக்கிக் காட்டினார். திரையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்தார். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு, சத்தம் வரக்கூடாதென்று கத்தரிக்கோலைக்கூட மடியில் வைத்திருந்தார். வாசலில் மூச்சு வாங்க நின்ற ஸ்டாண்டர்ட் சாரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். சார் வாயை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். இது போயிருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

மாலையே வேலை உறுதியாகிவிட்டது. மச்சானுக்குத் தெரிந்து, மகளுக்குத் தெரிந்து, தையல்காரம்மாவுக்குத் தெரிந்து, கடைசியாக இவருக்கு வந்தது. சந்தோஷம்தான், நிஜமான சந்தோஷம். ஆனாலும் குப்புற விழுந்தவர் மீசையைத் துடைத்துக்கொள்ளாமல் விடுவாரா?

"கம்பெனி லைன்ல கோளாறு. நான் போட்ட சத்தத்துலதான் சரி பண்ணினாங்க."

"தையல்காரம்மாவுக்கும் அதே கம்பெனிதாங்க."

மகள் குனிந்து சிரிப்பை அடக்கினாள். இவர் இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நான்தான். ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே சுவிட்சுல சொருகிட்டேன்."

"எதுக்குங்க?"

"தொங்கிட்டு இருந்துச்சு. பார்க்க நல்லா இல்ல."

மனைவி தண்ணீர் டம்ளரை இவர் பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "திங்கக்கிழமை வேலை ஆரம்பம். என் மேசையைக் கீழ கொண்டு போகணும். தையல்காரம்மா முன் ரூமைத் தர்றேன்னுட்டாங்க."

"அதான் சரி பண்ணிட்டேனே."

"நீங்க சரி பண்றதுதாங்க பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மேசை இறங்கியது. மனைவி முன்னால், இவர் பின்னால். "மெதுவா. இடது பக்கம். கொஞ்சம் தூக்குங்க" என்று கீழேயிருந்து உத்தரவு வர வர, இவர் மேலேயிருந்து "ம்" என்றார்.

தையல்காரம்மா வீட்டு ரவுட்டர் பொத்தான் டப்பாவின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதன் ஒயர் ஊசிப் பெட்டியைச் சுற்றி, ஜாக்கெட் துணிகளுக்குள் புகுந்து, எந்த ஸ்டாண்டர்டுக்கும் அடங்காமல் சுவரேறியது. சார் அதைப் பார்த்து வாயைத் திறந்தார். மனைவி இவரைப் பார்த்தார். வாய் மூடியது.

ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டார்கள். தரை சமமில்லை, கை வைத்தால் ஒரு பக்கம் ஆடியது. ஸ்டாண்டர்ட் சார் மண்டியிட்டு, கீழே கிடந்த துண்டுத் துணி ஒன்றை எடுத்து நாலாக மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். எழுந்து, இரண்டு கையாலும் மேசையை அழுத்திப் பார்த்துவிட்டு, மனைவிக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார்.