வாங்கியவர்களுக்கு மட்டும்

அவர் விற்றது அட்டவணை. இணையதளம் கட்டுகிறவர்கள் தாங்களே எழுதி மண்டையை உடைத்துக்கொள்ளாமல், காசு கொடுத்து வாங்கித் தங்கள் சர்வரில் சொருகிக்கொள்ளும் ஒரு துண்டு நிரல். சேர்ந்து கிடக்கும் தகவலை எடுத்து, வரிசை பிரித்து, பக்கம் பக்கமாகக் காட்டும். இப்படிப்பட்ட துண்டுகளுக்கென்றே இணையத்தில் ஒரு சந்தை உண்டு. நாட்காட்டி விற்பவர், படம் சுருக்குகிறவர், ரசீது அச்சடிக்க வைப்பவர் எல்லோரும் அங்கே கடை போட்டிருந்தார்கள். அட்டவணைக்கு மட்டும் முப்பது கடை. அதில் இவரிடம் பன்னிரண்டு வருடமாக ஆள் வந்ததற்குக் காரணம், எது கேட்டாலும் அன்றைக்கே பதில் போட்டுவிடுவார்.

உட்கார்ந்து சாப்பிட்டு அவரை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கையில் தட்டோடு அறைக்கும் கூடத்துக்கும் நடப்பார். மைத்துனன் வைத்த பெயர் பெண்டுலம்.

கடை போட்ட முதல் வருடமே எவனோ அவருடைய நிரலை அப்படியே எடுத்து, வேறு பெயர் ஒட்டி, அதே சந்தையில் விற்றான். அதன்பின் அவர் ஒரு காவல் வைத்தார். விற்ற ஒவ்வொரு பிரதியும் நாளுக்கு ஒரு தடவை அவர் வீட்டுக் கணினியைக் கூப்பிட்டு, தன்னை வாங்கியவர் பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்கும். பதில் வராவிட்டால், அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு வரி வரும்: ‘இது திருட்டுப் பிரதி.’

வீடு மாறிய அன்று, வேனில் அந்தக் கணினியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

“பின்னாடி போடுங்க மாமா. வழிஞ்சிடுமா அது?” என்றான் வண்டி ஓட்டிய மைத்துனன்.

“பெத்ததைக்கூட இவ்வளவு பத்திரமாத் தூக்கினதில்லடா உங்க மாமா” என்றாள் மனைவி.

புது வீட்டில் இணைய இணைப்பு முன்பே தயார். பாத்திரப் பெட்டிகளைப் பிரிக்கும் முன் கணினியைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். கைப்பேசி அடித்தது.

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன். இவரிடம் அட்டவணை வாங்கியவர்களில் ஒருவன்.

“சார், ரிசல்ட் வர்ற இடத்துல திருட்டுப் பிரதின்னு வருது. நோயாளிங்க வரிசையா ஃபோன் பண்றாங்க. வாங்கக் குடுத்த காசை நான் சுருட்டிட்டு, எங்கேயோ ஓசியில எடுத்துப் போட்டேன்னு முதலாளி நினைக்கிறார். கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்புன்றார் சார்.”

“இருப்பா. அஞ்சு நிமிஷம்.”

கணினி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதை யாருமே கூப்பிடவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எங்கே கூப்பிட வேண்டும் என்று பிரதிகளுக்குள் எழுதிவைத்திருந்தது பழைய வீட்டு இணைப்பின் எண்ணை. சும்மா ஒரு சோதனைக்கு எழுதியது, பிறகு மாற்றலாம் என்று விட்டது, இத்தனை வருடமும் அப்படியே கிடந்தது. காலையில் அந்த இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு ஃபோன் அடித்துக் கேட்டார். அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டதாம்.

ஒவ்வொரு பிரதியும் தனக்கென்று ஒரு நேரத்தில் கூப்பிடும். நாளை இந்நேரத்துக்குள், வாங்கிய நூற்று நாற்பது பேரும் ஒவ்வொருவராகத் திருடர்களாகிவிடுவார்கள்.

பெட்டிகளுக்கு இடையில் நடந்தார். முட்டிக்கொண்டார். மறுபடி நடந்தார். சந்தையில் தன் கடைப் பக்கத்தில், யாருக்காவது கோளாறு தெரிகிறதா என்று எழுதிப் போட்டார். மூன்று பேர் கொதித்து எழுதினார்கள். நான்காவது ஆள் நிதானமாக எழுதியிருந்தான்: ‘எங்களிடம் மூன்று வருடமாக ஜோராக ஓடுகிறது. எதற்கு இந்தப் பதற்றம்?’

பட்டியலில் தேடினார். அப்படி ஒருவன் இல்லவே இல்லை. காவலைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறான்.

விஷயத்தைக் கேட்ட மைத்துனன் கட்டிலின் காலோடு நின்று சிரித்தான். “அப்போ காசு குடுத்தவன்தான் திருடனா மாமா?”

“வாயை மூடிக்கிட்டுக் கட்டிலை மாட்டுடா” என்றாள் மனைவி. பிறகு அவரிடம், “ஏங்க, அந்தக் காவலையே எடுத்துட்டா?”

“எவன் வேணாலும் எடுத்துக்குவான்.”

“இப்ப எடுக்காமலா இருக்கான்?”

அவர் நின்றபடியே, அலமாரிமேல் மடிக்கணினியை வைத்து, காவலுக்காக எழுதிய பதினேழு வரிகளை அழித்தார். புதுப் பிரதியைப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார். பிறகு பரிசோதனை நிலையத்துப் பையனைக் கூப்பிட்டார்.

“போட்டுட்டேன் சார். ரிசல்ட் வருது. ஆனா முதலாளி…”

“அவர்கிட்ட குடு.”

கரகரத்த குரல் ஒன்று வந்தது.

“ஐயா, உங்ககிட்ட வேலை பார்க்கிறவர் காசு குடுத்து வாங்கினவர்தான். திருட்டுன்னு எழுதினது என்னோட நிரல். தப்பு என்னுது. எழுத்துல வேணுமா? இப்பவே அனுப்புறேன்.”

“அனுப்புங்க” என்றது குரல். “அவனை இருக்கச் சொல்லியாச்சு.”

வைத்ததும் மறுபடி அடித்தது. புது எண். பெண் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு பேசியது. “சார், எங்க பக்கத்துல என்னமோ திருட்டுன்னு…”

“மெயிலைப் பாருங்கம்மா, சரியாயிடும்” என்றார், நடந்துகொண்டே. “உங்க முதலாளி பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடுங்க.”