முன்னால் வரும் பெயர்

பழவேற்காட்டில் மீனவர் அட்டை வழங்கும் முகாமில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடியே இறால் பிடித்துப் பிடித்து முன்பற்கள் தேய்ந்திருந்தன. பேசும்போது புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வார்.

அட்டையில் இருந்த பெயரை மூன்று முறை கூப்பிட்டேன். அவர் எழுந்து வாசலைப் பார்த்தார்.

“அது எங்க நைனா பேரு சார். செத்து ரொம்ப வருசமாச்சு. நீ கூப்புடவும் வந்துட்டாரோன்னு பாத்தேன்.”

பெயர்களைப் பிரிக்கும் மென்பொருளை எழுதியவன் நான்தான். முதல் சொல்தான் ஆளின் பெயர் என்று வைத்திருந்தேன். நம் ஊரில் அப்பா பெயர் முன்னால் வரும் என்று எனக்குத் தெரியாதா?

“கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா வருது” என்றேன்.

“அதுக்கு இன்னா சார் தெரியும்? அதுக்கு நைனாவா கீறாரு?” என்று வாயை மறைக்காமல் சிரித்தார்.

அதன் நைனா நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.