எங்கள் மண்டபத்துக்குக் கம்பெனி வந்தது

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். கூட்டுவது, தண்ணீர் ஏற்றுவது, சாவி வைத்திருப்பது, வாசல் கரும்பலகையில் மணமக்கள் பெயரை எழுதுவது. பின்பக்கம் ஒற்றை அறை. அதில் நானும் என் வீட்டுக்காரியும் குடியிருந்தோம். பைபாஸ் பக்கம் ஏசி மண்டபங்கள் வந்த பிறகு, நல்ல முகூர்த்த நாளிலும் எங்கள் மண்டபம் பூட்டியே கிடந்தது. முதலாளி விற்றுவிடப் போகிறார் என்று பேச்சு. விற்றால் வேலையும் போகும், அறையும் போகும். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அந்த வருடம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் சென்னைக் கம்பெனி ஒன்று இடம் தேடுவதாக முதலாளி சொன்னார். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் பில்லை இங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலையாம்.

"கல்யாணந்தான் நடக்கல, கம்ப்யூட்டராச்சும் நடக்கட்டும்டா" என்று சிரித்தார்.

கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஹால், கக்கூஸ், கரண்டு பெட்டி எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இடம் ஓகே சார். இடம் எந்த ஊர்லயும் கெடைக்கும். ஆள் கெடைக்குமா? டிகிரி முடிச்சு, இங்கிலீஷ் படிச்சாப் புரியணும். மொதல்ல ஒரு நூறு பேர்."

"நூறா? நிலக்கோட்டையில பூ எடை போடுறவனே பி.காம். மேடம்."

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் சொல்றாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கி வந்தேன்.

அதை நான் சேர்த்து வைத்ததற்குக் காரணம் உண்டு. வந்த புதிதில் ஒரு மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எம்.இ. என்பதை பி.இ. என்று பலகையில் எழுதிவிட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தார். "ரெண்டு வருசம் படிச்சத ரெண்டு நிமிசத்துல அழிச்சிட்டியேப்பா!" தாலி கட்டுகிற நேரத்தில் இரண்டு வீட்டாரும் வாசலில் நின்றார்கள். அன்றிலிருந்து பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். எழுதி முடித்தும் தூக்கிப்போடப் பயம். யாராவது வந்து கேட்டால்?

மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்தார். எம்.எஸ்ஸி., பி.இ., எம்.சி.ஏ., பொண்ணும் மாப்பிள்ளையும் பட்டத்தோடுதான் இருந்தார்கள். முதலாளி மீசையைத் தடவினார். செத்த நேரத்தில் மேடம் கட்டைத் தள்ளி வைத்தார்.

"பேருக்குக் கீழ பாருங்க சார். பெங்களூரு, கோயம்புத்தூர், சென்னை. படிச்சவங்க எல்லாம் கிளம்பிப் போயிட்டாங்க. இங்க யார் இருக்கா?"

பையை எடுத்துவிட்டார். எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

"பொண்ணுக இருக்காகம்மா."

"எந்தப் பொண்ணுங்க?"

"இதுல இருக்கவுகதான். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துட்டு அப்புடியே தங்கிட்டாக. காதுகுத்துக்கு இதே மண்டபத்துக்குத்தான வாராக, பாக்குறேன்ல. இந்தத் தெருவுலயே நாலு பேரு. நிலக்கோட்டை, வத்தலக்குண்டுல எம்புட்டோ பேரு. புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல இங்க வந்துரலாம்."

மேடம் பொண்ணு வீட்டுப் போன் நம்பர் இருந்த ஒரு பத்திரிகையை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். "கூப்பிடுங்க சார். ஸ்பீக்கர்ல."

பொண்ணின் அம்மா எடுத்தார். "அவ மாவாட்டிக்கிட்டு இருக்கா. என்ன வேலை? எத்தன மணிக்கு விடுவீக? பஸ்ஸு உண்டா?" பின்னாலிருந்து ஒரு குரல், "அம்மா, போனக் குடு! கைய கழுவிட்டேன், குடுங்கிறேன்ல!"

மேடம் பையைக் கீழே வைத்தார்.

நேர்காணல் அன்று வரிசை பெட்ரோல் பங்க் வரைக்கும் நின்றது. பாதிப் பேர் பெண்கள். இடுப்பில் பிள்ளை, கையில் ஃபைல். கம்பெனி கையெழுத்துப் போட்டது. "ஏலே, நீதான்டா கொண்டாந்த" என்று முதலாளி என் முதுகில் தட்டினார். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

காவலும் பராமரிப்பும் ஒரு ஏஜென்சிக்குப் போகும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஏஜென்சி சூப்பர்வைசர் ஒரு ஃபாரம் கொடுத்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். கல்வித் தகுதி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எட்டாவதில் அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதை எட்டு என்று எழுதலாமா? யோசித்து ஏழு என்று எழுதினேன்.

சூப்பர்வைசர் பார்த்தார். "அண்ணே, கொறஞ்சது பத்துண்ணே. பத்துன்னு போட்டுற வேண்டியதுதான? சர்டிபிகேட்டு அப்பறந்தான் கேப்பாக."

"அப்பறம் கேப்பாகல்ல?"

"கேப்பாக."

ஃபாரத்தை அப்படியே கொடுத்துவிட்டேன். ஏஜென்சி என்னை எடுக்கவில்லை.

முதலாளியிடம் போனேன். "என் கையில என்னப்பா இருக்கு? படிச்சவுக வந்து போற எடம், வாசல்ல நிக்கிறவனும் படிச்சிருக்கணுங்கிறாக. நத்தத்துல நம்ம புளிக் குடோனுக்குப் போயிரு. அங்கயும் ரூம் இருக்கு" என்றார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சரி என்றேன்.

வீட்டுக்காரி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, நீங்கதான வாயத் தொறந்தீக?"

"ஆமா."

"தொறக்காம இருந்திருந்தா?"

"வித்திருப்பாரு."

"அப்பவும் சாக்கத்தான் கட்டியிருப்போம்" என்று முடிச்சைப் போட்டாள்.

சாமான்களைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் வேகமாக வந்தாள். எங்கள் மண்டபத்தில் கல்யாணம் ஆனவள்தான். எம்.எஸ்ஸி. வேதியியல்.

"எங்கண்ணே கிளம்பிட்டீக?"

"நத்தத்துக்குத்தாம்மா. இனி அங்கதான் வேலை."

"நத்தமா? நான் அங்க இருந்துதான் டெய்லி வாரேன்! பஸ்ஸு நெறைய இருக்குண்ணே, ஒண்ணும் கஷ்டமில்ல."

ஒன்பது மணிக்குள் மெஷினில் விரல் வைக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே படியேறி ஓடினாள். வாசலில் நின்ற புதுக் காவலாளி அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"வருத்தமா இருக்கா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. குடோன் கூரை ஒழுகுமா என்று மட்டும் டிரைவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.