கரண்ட் இல்லாத நாட்களில் ஒரு கிட்டார்

எங்கள் துணிக்கடை பதுளை பஸார் வீதியில் இருந்தது. கடைக்குப் பின்னால் வீடு, மேலே துணிக்கட்டுகள் அடுக்குகிற ஒரு மாடி அறை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் கடைக்கதவுக்கும் இடையில் நான் நடந்த நடையை ரோட்டில் நடந்திருந்தால் எப்போதோ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். "ஒரு எடத்துல இரி புள்ள, எனக்குத் தல சுத்துது" என்று உம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும்.

கடையை மூடுகிற நேரத்துக்குத்தான் நான் காத்திருப்பேன். அப்போதுதான் நானா என்று நான் கூப்பிடும் என் அண்ணனின் கூட்டாளி வருவார். ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளார்க் வேலை. தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து மேசைக்கு வந்தவர். கந்தோர் முடிந்ததும் பஸ் பிடித்து வந்து, கடைசி பஸ்ஸுக்கு ஓடும்வரை நானாவோடு ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடுவார்.

அந்த விஷயம் ஒரு பாட்டுக் குழு. கொழும்பில் பத்துப் பதினைந்து வருடமாக வாசித்துக்கொண்டிருந்த நாலு பேர். ஹோட்டல்களில் ஆங்கிலப் பாட்டு வாசித்துத் தொடங்கி, பிறகு எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துத் தமிழில் சொந்தமாக ரொக் பாட்டுப் போட்டவர்கள். வெளிநாட்டுச் சாமான் தாராளமாக இறங்கி, கசட் ரெக்கோடர் வீட்டுக்கு வீடு வந்த காலம் அது. அவர்களுடைய கசட் எங்கள் கடையில் தேயத் தேய ஓடியது. கசட் மட்டையில் குழுவின் பெயர் மட்டும்தான் இருக்கும். எந்தப் பாட்டை யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார் என்று ஒரு சொல்லும் இருக்காது. சண்டை அங்கிருந்துதான் பிறந்தது.

எல்லாரும் 'பஸ் பாட்டு' என்று சொல்லும் பாட்டு ஒன்று இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவன் மழையில் நின்று பாடுவது. முதலில் கிட்டாரில் நாலு சுரம் வரும், அப்புறம் குரல்.

"நாலே நாலு சத்தம் மச்சான்," என்பார் ஹாலிஎலக்காரர். "அதுலயே பஸ் போயிருச்சுன்னு நமக்குத் தெரிஞ்சிருது. அதுக்கு அப்புறம் அந்தாளு வந்து பஸ் போயிருச்சுன்னு பாடுறாரு. எதுக்குப் பாடணும்?"

"அந்த நாலு சத்தத்த மட்டும் கசட் முழுக்க வாசிக்கச் சொல்லு பாப்பம்," என்பார் நானா. "யாரு கேப்பான்? பாட்டு எண்டா சொல்லு. சொல்லு எழுதினவன் பாடுறவன்."

நான் பிளேன்டீ கொண்டுபோய், வீட்டுக்கும் கடைக்கும் நடுவிலிருந்த அரைக்கதவுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு அங்கேயே நிற்பேன். உள்ளே போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வெளியே வரச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. நானா சோறு தின்ன வரும்போது மெதுவாகச் சொல்லிக்கொடுப்பேன். "நாளைக்கு இப்பிடிக் கேளுங்க நானா. பாடுறவர் மூச்செடுக்கிற எடத்துலதான் கிட்டார் உள்ளுக்கு வருது. அவர் மூச்செடுக்காட்டி அதுக்கு எடமே இல்ல."

அடுத்த நாள் நானா அதை ஒரு சொல் மாறாமல் எடுத்து விட்டார். ஹாலிஎலக்காரர் கசட்டைப் பின்னுக்குச் சுற்றி அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டார். கதவுக்குப் பின்னால் எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு வயிறு எரிந்தது. நான் யோசித்ததை நானாவின் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. அதைவிடக் கேவலம், எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. பஸ் பாட்டில் மூன்றாம் சரணத்துக்குப் பிறகு கிட்டார் தனியாக வாசிக்கிற இடத்தில் முதல் பாதியைக் கேட்டால் எனக்கு நெஞ்சு தூக்கிப் போடும். இரண்டாம் பாதி வந்தால் எப்போது முடியும் என்றிருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இரண்டு பக்கத்திலும் சேர முடியாது.

ஒரு வருஷம் இருவரும் சேர்ந்து நாலைந்து இளைஞர்களைப் பிடித்து, அந்தக் குழுவைப் பதுளைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். டிரம்ஸ்காரரும் இன்னொருவரும் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். பாடகரையும் கிட்டார்காரரையும் எங்கள் மாடி அறையில் தங்கவைக்க நானா வாப்பாவிடம் கேட்டார். வாப்பாவுக்குப் பாட்டு ஒத்துவராது. ஆனால் வீடு தேடி வருகிறவர்களை வேண்டாமென்று சொல்லவும் அவருக்கு ஒத்துவராது. "தொழுகை நேரத்துல சத்தம் வாணாம்," என்றார், அவ்வளவுதான்.

மத்தியான ரயிலில் மழையோடு வந்து இறங்கினார்கள். பாடகர் பருத்த மனிதர். கழுத்தில் மஃப்ளர், வந்ததும் தொண்டை கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கேட்டார். கிட்டார்காரர் மெலிந்து, கண்ணாடி போட்டு, கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். கையில் கறுப்புப் பெட்டி. இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். எனக்கு அன்று அது கிழவர்களின் வயது.

மழை விடவில்லை. மறுநாள் விடிவதற்குள் தெமோதரைப் பக்கம் மண்சரிந்து ரயில் பாதை மூடிவிட்டது. ரோட்டிலும் மண். டவுனில் கரண்ட் போய்விட்டது. தோட்டங்களிலிருந்து ஆட்கள் வர வழியில்லை, மண்டபத்தில் வெளிச்சமில்லை. கச்சேரியைத் தள்ளிவைத்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவும் வழியில்லாமல் எங்கள் மாடியில் அடைபட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை, பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தபோது நானா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "பஸ் பாட்டு ஆரு செஞ்சது?"

"நான்தான்," என்றார் பாடகர், பாணைப் பிய்த்துக்கொண்டே.

நானா கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். மண்சரிவுக்கு முதல் நாளே வந்து, திரும்பிப் போக பஸ் இல்லாமல் ஹாலிஎலக்காரரும் எங்களோடேயே மாட்டிக்கொண்டிருந்தார். அவர் விடவில்லை. "அந்த மொத நாலு சத்தமுங்க?" என்று கிட்டார்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"அவர் சொன்னா சரிதான்," என்றார் கிட்டார்காரர்.

"என்ன அவர் சொன்னா சரிதான்?" பாடகருக்குச் சுள்ளென்று ஏறியது. "பொய் சொல்றன் எண்டுறியா?"

"நான் ஒண்டும் சொல்லல்லயே."

"நீ ஒண்டும் சொல்லாம இருக்கிறதுதான் பெரிய சொல்லு. பத்து வருசமா இதத்தானே செய்ற."

அப்போது கிட்டார்காரர் தட்டைத் தள்ளிவைத்தார். "அந்த நாலு சுரம் இல்லாட்டி நீ வாயத் தொறந்திருப்பியா? எந்தச் சுதியில தொடங்குறதெண்டு இண்டைக்கும் உனக்குத் தெரியாது. என் கையப் பாத்துத்தான் தொடங்குற."

தாங்கள் கடையில் உட்கார்ந்து ஆசை ஆசையாகப் போட்ட சண்டை இவர்களுக்கு ஆறாத புண் என்று நானாவுக்கும் கூட்டாளிக்கும் அந்த நிமிடம்தான் விளங்கியது. வாப்பா எழுந்து, "புள்ள, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி கொண்டாங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கொண்டுபோனேன். யாரும் குடிக்கவில்லை.

அன்று மதியம் ஹாலிஎலக்காரர் கிட்டார்காரரைச் சமாதானப்படுத்த, வாசித்துக் காட்டச் சொன்னார். கரண்ட் இல்லாமல் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தால் என்ன கேட்கும்? கம்பி கிறுகிறுக்கிற சத்தம்தான்.

"காதடியில நுளம்பு பாடுற மாதிரி ஈக்கு," என்று நானா சிரித்தார். "பாத்தியா மச்சான்? கரண்ட் இல்லாட்டியும் பாட ஏலும். வாசிக்க ஏலாது. அப்ப ஆரு பெரிசு?"

ஹாலிஎலக்காரர் குனிந்து கிட்டாரின் கட்டையில் காதை வைத்தார். கிட்டார்காரர் அந்த நாலு சுரத்தை வாசித்தார். "தாடைய வச்சிப் பாருங்க," என்றார். தாடையெலும்பைக் கட்டையில் அழுத்திய ஹாலிஎலக்காரரின் முகம் மாறியது. "மச்சான், தலைக்குள்ள கேக்குது," என்றார். நானாவையும் கூப்பிட்டார். நானா போகவில்லை. படிக்கட்டில் தட்டுகளோடு நின்ற நான், என்னை ஏன் கூப்பிட மாட்டார்கள் என்று நின்றேன். கூப்பிட முடியாதென்று எனக்கே தெரியும். இருந்தும் இறங்கிப் போகக் கால் வரவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் ஆம்பிளைகள் எல்லாரும் மண்சரிவைப் பார்க்கக் கிளம்பினார்கள். உம்மா மாடியைக் கூட்டச் சொன்னார். கிட்டார் துணிக்கட்டின் மேல் பெட்டிக்கு வெளியே கிடந்தது. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முழங்காலில் உட்கார்ந்து தாடையை வைத்தேன். கட்டை குளிர்ந்திருந்தது. தடித்த கம்பியை ஒரு விரலால் இழுத்து விட்டேன்.

சத்தம் காதால் வரவில்லை. பல்லில் ஏறி, கன்னத்தில் பரவி, உச்சந்தலையில் போய் நின்றது. திரும்ப இழுத்தேன். அது அடங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் எங்கேயும் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டு எழுந்தேன். கிட்டார்காரர். சப்பாத்து நனைந்துவிட்டதென்று பாதி வழியில் திரும்பியிருந்தார். நான் விளக்குமாற்றை எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. கீழே அடுப்படியில் உம்மா இருக்கிற சத்தம் கேட்டது. கிட்டார்காரர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"நீங்க எந்தப் பக்கம்? நானா பக்கமா?"

"உண்மையில ஆரு செஞ்சது?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாது தங்கச்சி. சத்தியமா ஞாபகமில்ல. கண்டியில இருந்து வார வழியில ரெண்டு பேரும் பசியோட இருந்த நேரம் வந்தது. அவன் முணுமுணுத்தானா, நான் முதல்ல தட்டினனா, ஆருக்குத் தெரியும்? அவன் தன்டது எண்டு சொல்லும்போது மட்டும் என்டது எண்டு தோணுது."

அந்த உண்மையைக் கேட்டதும் எனக்கும் வாயைத் திறக்கத் தைரியம் வந்துவிட்டது. "தனியா வாசிக்கிறீங்களே, அதுல ரெண்டாம் பாதி வாணாம்," என்றேன். "சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்ச பொறகும் சும்மா இழுக்கிற மாதிரி ஈக்கு."

அவர் முகம் சுருங்கியது. "கொழும்புல ஒருத்தரும் அப்பிடிச் சொல்லல்ல," என்றார். கிட்டாரை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நான் வைத்தால் வேறு பக்கம் பார்த்தார். ஏன் சொன்னேன் என்றும், சொன்னது சரிதானே என்றும் மாறி மாறி அடுப்படியில் நடந்தேன்.

கரண்ட் வந்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே கச்சேரி வைத்தார்கள். பெண்டுகள் போகிற வழக்கமில்லை. நான் உம்மாவை அரித்தேன், உம்மா வாப்பாவை அரித்தார். கடைசியில் வாப்பா, "வீட்டுல தங்கின ஆக்கள்தானே, பின்னால இருந்து பாத்துட்டு வாங்க," என்றார். மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் மண்சரிவைத் தாண்டி நடந்தே வந்திருந்தார்கள், காலெல்லாம் சேறு.

பஸ் பாட்டு வந்தது. தனி வாசிப்பின் முதல் பாதி முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. கசட்டில் இருந்ததைவிட இழுத்தார். எனக்குக் கேட்கட்டும் என்றே இழுத்தார், அது எனக்கு நிச்சயம். நடுவில் ஓரிடத்தில் விரல் பிசகி ஒரு பிழைச் சுரம் விழுந்தது. அவர் அதிலேயே நின்று, அதையே திரும்பத் திரும்ப வாசித்து, அது பிழை இல்லை என்று நாங்கள் எல்லாரும் நம்பும்வரை விடவில்லை. எரிச்சலோடு காத்து நின்ற பாடகர், மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், சொல் இல்லாமல் அந்தச் சுரத்தோடு சேர்ந்து முனகத் தொடங்கினார். கசட்டில் இல்லாத ஒன்று அது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. உம்மா என் கையைப் பிடித்து, "ஏன் புள்ள அழுற?" என்றார்.

பாதை திறந்ததும் அவர்கள் போனார்கள். கடையில் பேச்சு மறுபடி தொடங்கச் சில நாள் பிடித்தது. தொடங்கியபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. காலையில் உப்புத் தண்ணீருக்காக உம்மாவை மூன்று தரம் எழுப்பிய பாடகரை நானாவுக்குப் பிடிக்காமல் போயிருந்தது, கிட்டார்தான் உயிர் என்றார். மேடையில் பாடகர் முனகியதை மறக்க முடியாத ஹாலிஎலக்காரர், "வாசிக்கிறவரு தொலஞ்சி போனாரு மச்சான், பாடுனவருதான் கையப் பிடிச்சிக் கூட்டியாந்தாரு," என்றார்.

நான் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தேன். "ரெண்டு பேரும் பிழை," என்றேன். "அவர் தொலஞ்சி போகல்ல. வேணுமெண்டுதான் அங்க போனார்." என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. வாப்பா மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்து கணக்கெழுதத் தொடங்கினார். ஹாலிஎலக்காரர், "தங்கச்சி சொல்றதும் யோசிக்க வேண்டியதுதாங்க," என்றார். அன்றிலிருந்து நானாவுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்ல இருந்ததை நானே சொன்னேன்.

அடுத்த வருஷம், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில், ஹாலிஎலக்காரரும் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். அண்ணன் முன்னமே போயிருந்தார், தாய் தகப்பனைத் தனியே அனுப்ப இவருக்கு மனமில்லை. நானா ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்து, ஒரு கிழமை, ஏழு நாளும், கசட் போடவே இல்லை. நான் வாப்பாவிடம் கேட்டுக் கேட்டு, வெலிமடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனேன். கிழமை நாட்களில் மாமி வீட்டில், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வீடு.

அப்படி வந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் குழு உடைந்துவிட்ட செய்தியை நானா சொன்னார். கொழும்பிலிருந்து துணி கொண்டுவருகிறவர் சொன்னாராம். பாடகர்தான் காரணம் என்றார் நானா. இருக்காது, கிட்டார்காரருக்குப் பிடிவாதம் அதிகம், எனக்குத் தெரியும் என்றேன். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். சோறு ஆறும்வரை வாதாடினோம். உம்மா தலையில் அடித்துக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்த வாப்பா கதவடியில் நின்று கேட்டார்:

"அந்த மெலிஞ்ச மனுசன் இப்ப எங்க வாசிக்கிறாராம்?"

நானாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.