நாற்பத்தொரு பக்கங்களில் அன்புசெல்வியின் பெயர்

எங்கள் ஆபீசில் சேர்ந்த முதல் நாளே அன்புசெல்வி எங்கள் எல்லோருடைய வேலையையும் ரிஜெக்ட் செய்தாள். 2008 பொங்கல் கழிந்த வாரம் அது. அதற்கு முன் ஆறு வருடம் அவள் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில், அதாவது தைத்து வந்த பீஸில் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். ஆர்டர் குறைந்து அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தாள். அப்பாவுக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை. முதலாளி அருள்குமார் அவளைப் பற்றி எங்களிடம் சொன்னது அவ்வளவுதான்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். நல்லூரில் நூல் கடைக்கு மேலே ஒரு அறை, நாலு கம்ப்யூட்டர். பெங்களூர்க் கம்பெனி ஒன்று ‘எண்முற்றம்’ என்ற பெயரில் பத்தாம் வகுப்புக் கணக்கை இணையத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது. கூகுளில் யாராவது பத்தாம் வகுப்புக் கணக்கு என்று தேடினால் எண்முற்றம் முதல் பக்கத்தில் வரவேண்டும். அதற்கு வேறு தளங்கள் அதை நோக்கிக் கைகாட்டவேண்டும், அதாவது லிங்க் கொடுக்கவேண்டும். அந்த லிங்க் சேர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அங்கே மூத்தவள் தேவிப்பிரியா, அது நான்தான். ஒரு நாளைக்கு இருநூறு லிங்க் போடுவேன். சமையல் குறிப்புக்குக் கீழே, கிரிக்கெட் செய்திக்குக் கீழே, யாராவது நாய்க்குட்டிப் படம் போட்டிருந்தால் அதற்குக் கீழேயும் ‘அருமையான பதிவு, இதையும் பாருங்கள்’ என்று ஒட்டிவிட்டு வந்துவிடுவேன்.

அன்புசெல்வி என் திரையை எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க்கா, நாய்க்குட்டி பாக்க வந்தவங்க கணக்குப் படிப்பாங்களா?”

“படிக்கமாட்டாங்க. எண்ணிக்கைக்குத்தான்.”

“அப்ப இதெல்லாம் ரிஜெக்ட் பீஸுங்க்கா” என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் வழி வேறு. வினாத்தாளுக்கு விடை எழுதிச் சொந்தமாக இணையப் பக்கம் நடத்தும் ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தாள். கடிதம் எழுதினாள். பதில் வராவிட்டால் பஸ் ஏறிப் போய் நின்றாள். லிங்க் கேட்டு டிக்கெட் எடுத்துப் போனவள் இந்த உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நாங்கள் சிரிப்போம். வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். ஆனால் அந்த ஒன்றுக்கு என் இருநூறும் ஈடில்லை, கூகுளே அப்படித்தான் மதித்தது.

அவள் முக்கியமாகக் குறிவைத்தது பூபாலன் சாரை. அவிநாசிபாளையம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவர் பக்கத்தைப் பார்த்துத்தான் மற்ற ஆசிரியர்கள் எதையும் எடுப்பார்கள். இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை, “வட்டப் பாடத்துல நாலாவது கணக்கே தப்புங்க. அதை எம்பட பசங்களுக்கு நான் காட்டோணுமா?” என்று கேட்டாராம். வேறு யாராவதாக இருந்தால் முகம் சுண்டித் திரும்பியிருப்பார்கள். இவள் சந்தோஷமாக வந்தாள். அந்தத் தளத்தில் இருந்த ஒவ்வொரு கணக்கையும் நோட்டில் போட்டுப் பார்த்தாள். மூன்று மாதம் ஆனது. அறுபத்துமூன்று தப்பு கண்டுபிடித்து பெங்களூருக்கு எழுதினாள். அவர்களும் திருத்தினார்கள்.

2009 ஜனவரியில் அருள்குமார் வெளியூர் போயிருந்தபோது, அவருடைய மெயிலில் இருந்து ஒரு ஃபைலை எடுக்கச் சொல்லி என்னிடம் சொன்னார். எடுக்கும்போது பெங்களூர்க்காரர்களின் கடிதம் கண்ணில் பட்டது. கூகுளில் முதல் பக்கத்தில் நிலையாக நின்றதும் எண்முற்றம் என்ற இணைய முகவரியை வேறொருவருக்கு விற்கப்போகிறார்கள். உள்ளே யார் எதை வைத்தாலும் நாங்கள் சேர்த்த லிங்க் எல்லாம் அதே முகவரிக்குத்தான் கைகாட்டும். வாங்குகிறவருக்குத் தொழில், பரீட்சை இல்லாமல் பட்டம் விற்பது. அருள்குமார் பதில் எழுதியிருந்தார்: ‘சரி. ஆசிரியர்களுக்குத் தெரியவேண்டாம். எங்கள் அன்புசெல்விக்கும் தெரியவேண்டாம்.’

அவர் வந்ததும் கேட்டேன். “அது அவுங்க பொருளுங்க, யாருக்கு வேணாலும் விப்பாங்க. நீங்க கண்டுக்காதீங்க. ஏப்ரல்ல உங்களத்தான் மேனேஜராப் போடறேன்” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர் பதவிக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ்ந்து என்னைப் பார்ப்பார் அருள்குமார். இவள் ஒரு தடவை சறுக்கட்டுமே என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. பொறாமைதான், வேறென்ன.

பிப்ரவரியில் பூபாலன் சார் லிங்க் கொடுத்தார். அதன் கீழே இப்படி எழுதியிருந்தார்: ‘இந்தத் தளத்தின் கணக்குகள் ஒவ்வொன்றையும் நல்லூர் அன்புசெல்வி போட்டுச் சரிபார்த்திருக்கிறார். நம்பிப் படிக்கலாம்.’ மற்ற ஆசிரியர்கள் அந்த வரியையும் சேர்த்தே எடுத்துப் போட்டார்கள். ஏற்கெனவே லிங்க் கொடுத்திருந்தவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் நாற்பத்தொரு பக்கங்கள். “எம்பேருங்க்கா” என்று திரையைத் தொட்டுக் காட்டினாள். பேக்கரியில் இருந்து எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டே நானும் ஒன்று தின்றேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம் பூபாலன் சார் அன்புசெல்விக்குப் போன் செய்தார். அவர் குரல் எனக்கும் கேட்டது. “எண்முற்றத்தத் தொறந்து பாருங்க. ஒரு பையனோட அப்பா அத அச்செடுத்துட்டு வந்து எட்மாஸ்டர் மேசைமேல வச்சுட்டாருங்க. வாத்தியாரே காட்டற பட்டந்தானே, எங்க வாங்கறதுன்னு கேக்கறாரு. இப்ப என்னைய விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லீட்டாங்க.”

அவள் திறந்தாள். கணக்கு ஒன்றுகூட இல்லை. கறுப்பு அங்கி போட்டவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘முப்பதே நாளில் பட்டம்.’

செக்கிங்கில் ஒரு பீஸ் பாஸ் ஆகிப் பெட்டிக்குள் போய்விட்டால் அதோடு முடிந்தது. பெட்டிக்குள் பனியன் மாறாது. அந்தப் பழக்கத்தில்தான் அவள் ஏமாந்தாள். தான் பாஸ் செய்த தளத்தைப் பின்னால் ஒருவன் மாற்றுவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நேராக அருள்குமார் மேசைக்குப் போனாள். “சாம்பிள் ஒண்ணக் காட்டிட்டு பல்க்கா வேற சரக்கு அனுப்பியிருக்கறீங்க. அதப் புடிக்கத்தானுங்க ஆறு வருசம் வேல பாத்தேன். என் கையாலயே அனுப்ப வச்சுட்டீங்களே!”

“இதெல்லாம் பிசினஸ் கண்ணு” என்றார் அவர். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

லிங்கை எடுக்கச் சொல்லி நாற்பத்தொரு பேரையும் நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தாள். முதலில் பூபாலன் சார். மனசு அரித்ததால் நானும் கூடப் போனேன். அவர் எங்கள் எதிரிலேயே லிங்கை எடுத்தார். அவள் பெயர் இருந்த வரியையும் அழிக்கப் போனார்.

“அது இருக்கட்டுமுங்க சார். ‘ஏமாந்துட்டோம், இதை நம்பாதீங்க’ன்னு கீழ ஒரு வரி சேத்துங்க. நம்புனவிய வந்து கேட்டா, பதில் சொல்ல ஒரு ஆளு வேணுமல்லங்க.”

அவர் அப்படியே எழுதினார். அவளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள். “அருளண்ணனத் தவுர வேற யாருக்காச்சும் முன்னாடியே தெரிஞ்சிருக்குமுங்களாக்கா?”

எவ்வளவு நாள்தான் மென்று முழுங்குவது? “எனக்குத் தெரியும்” என்றேன்.

“எப்ப இருந்துங்க்கா?”

“ஜனவரியில இருந்து.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

“பூபாலன் சார் பிப்ரவரியிலதான் குடுத்தாருங்க” என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் இறங்கி, படியில் நான் தடுமாறியபோது கை கொடுத்தாள். “பாத்து எறங்குங்க” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. மீதி நாற்பது பேரையும் அவள் தனியாகவே போய்ப் பார்த்தாள், என்னைக் கூப்பிடவில்லை.