கறை தெரியாத நிறம்

வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டவளுக்குத் தன் வீட்டுச் சங்கதி எதுவும் தனக்கு மட்டும் சொந்தமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மிஷினில் உட்கார்ந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு வள்ளத்தில் மீன்பிடி. முந்தின வருஷம் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று சொல்லி ஏழு வாரம் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நோய் அடங்கியது, வயிறு அடங்கவில்லை. இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பதறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திரைக்குப் பின்னால்

எங்கள் கக்கூஸ் கதவு முன்னறையில்தான் திறக்கும். அந்த மூலையில் ஒரு திரை கட்டி, பிளவுஸ் போட்டுப் பார்க்க இடம் விட்டிருந்தேன். அவருக்கு வயிறு கலக்கினால் பத்து எண்ணுவதற்குள் போயாக வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. யாராவது திரைக்குள் இருந்தால் சத்தமாக இருமுவேன், அவர் பொறுத்துக்கொள்வார். அதுதான் எங்கள் ஏற்பாடு.

ஒருநாள் அடுத்த தெரு ஜெசிந்தா அக்கா உள்ளே நிற்கிறாள். நான் இருமினேன். அவரால் முடியவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். அக்கா சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வெட்கத்தில் ஊசியில் நூல் கோக்கிறதுபோல் குனிந்துகொண்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏளா, ஒன் வீட்டுக்காரரு என்னையப் பாக்கவே இல்ல. பாத்திருந்தா ஏசிட்டுப் போயிருப்பேன். அந்த மொகத்துல இருந்த பயத்தை நான் எங்க கொண்டு போயி வைக்க?"

மன்னிப்பு

வள்ளத்தில் ஆண்கள் வெளிக்குப் போக மறைவு கிடையாது. பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சிறு வயதிலிருந்து அப்படித்தான், யாருக்கும் கூச்சமில்லை. அதை நம்பி, கரண்ட் முடிந்து ஆறு மாதம் கழித்து இவரும் தொழிலுக்குப் போனார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கடுங்காப்பி மட்டும்தான். அப்படியும் வலை இழுக்கும்போது, கயிற்றைப் பிடிக்க நேரமில்லாமல், நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது. உடுத்த சாரத்தோடு கடலில் குதித்துக் கழுவினாராம்.

வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கூடப்போன சூசை தம்பிதான் பிளவுஸ் வாங்குகிற சாக்கில் வந்து நடந்ததைச் சொன்னான். வள்ளத்தில் இருந்த மற்ற ரெண்டு பேரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லையாம். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன், போகும்போது சொன்னான்: "கடல்ல எல்லாருந்தான் வெளிக்கு இருக்கோம், மதினி. ஆனா முப்பது வருசத்துல மொதத் தடவையா அண்ணன் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

அதற்கப்புறம் அவர் கடலுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை.

அரக்கு

உள்ளே வைத்துக்கொள்ள நாலு மடிப்புத் துணி தைத்துக் கொடுத்தேன். சுடிதார் லைனிங்கில் மிஞ்சிய அரக்கு நிறப் பருத்தி. உள்பாவாடை எடுக்க வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற யோசனைதான், கறை தெரியாத நிறமாகப் பார்த்து எடு என்று. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவருக்கும் பிடித்துப்போனது. கிழிந்தால் அதே நிறத்தில் கேட்டார். நான் எழும்புவதற்கு முன்னால் தானே துவைத்துக் கொடியில் போட்டுவிடுவார்.

மனுஷன் திருந்திவிட்டார் என்று ஜெசிந்தா அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "தண்ணிகூட மோந்து குடிக்காத ஆம்பள துணி தொவைக்காருன்னா, என்னத்தையோ மறைக்காருன்னு அர்த்தம்" என்றாள்.

புதுநன்மைத் துணி

கேஸ் தீருமா, மழை வருமா என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கவலைப்படுகிறவள் நான். அக்கா சொன்னதற்கு மட்டும் கவலைப்படத் தெரியவில்லை. அரக்குத் துணி தீர்ந்துபோனது. கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பிள்ளைகளுக்குக் கவுன் தைத்த மிச்சம் வெள்ளைத் துணி கிடந்தது, அதில் தைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். பழையதையே ஈரத்தோடு எடுத்தார். நான் பிடுங்கி, வெள்ளையை அவர் கையில் திணித்தேன். சாயங்காலம் குளிமுறி வாளியில் அது ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீரெல்லாம் சிவப்பு.

மூன்று மாதமாகவாம். நோய் திரும்பிவிட்டது, சொன்னால் மறுபடியும் கரண்ட் வைப்பார்கள் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிவைத்திருந்தார். மறைக்க நிறம் பார்த்துத் தைத்துக் கொடுத்தவள் நான். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், நோய் திரும்பவில்லை, கரண்ட் பட்ட இடத்தில் ரத்தக்குழாய்கள் மெலிந்து கசிகின்றன என்றார். ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. ஒரு பாட்டில் ஏற்றினார்கள். கசிகிற இடத்தை இரண்டு தடவையாகச் சுட்டு அடைத்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டபோது டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நர்ஸ் பிள்ளைதான் என் பையிலிருந்த அரக்குத் துணியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே வெள்ளையிலயே தைங்கம்மா. என்ன வருதுன்னு கண்ணுக்குத் தெரியணும்லா?"

பேர் எழுதாதே

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கடைசி வரிசையில், வாசல் பக்கமாக உட்காருகிறார். கடலுக்கு இன்னும் போகவில்லை. சில நாள் துணியில் ஒரு பொட்டுத் தெரியும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. போன வாரம் ஜெசிந்தா அக்கா வந்து, திரைக்குள் என்னைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்: "எங்க வீட்டு ஆளுக்கும் ரெண்டு தச்சுத் தா. வெள்ளையில. பொட்டலத்துல பேரு எழுதிராத."

காலையில் அவர் துணியை நீட்டுகிறார், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். முப்பத்திரண்டு வருஷக் குடும்பத்தில் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் ஒளிக்காமல் வைத்திருக்கிற சங்கதி இது ஒன்றுதான்.