ஆத்தா வந்த மாடி

நான் பினாங்குக்காரி. ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலைக்காகப் புதுச்சேரி வந்து, முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். தமிழ்தான் பேசுகிறேன், சோறுதான் தின்கிறேன். இருந்தும் தெருவுக்கு நான் ‘மலேசியாக்காரம்மா’. பார்த்தால் சிரிப்பார்கள், அதோடு சரி. உள்ளே வா என்று ஒரு வீடும் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பேச ஆளில்லாமல் சுவரோடு சண்டை போடலாம் போலிருக்கும்.

கீழ்வீட்டு அம்மாவின் மகள் மட்டும் வருவாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்லப் படியேறி வந்து, என் கட்டிலில் சாய்ந்து, “அக்கா, உங்க ஊர்ல மாங்கா கெடைக்குமா?” என்பாள். காலை நீட்டச் சொல்லி வீக்கம் பார்ப்பேன். தனக்கு அம்மை போட்டதே இல்லை என்று பேச்சோடு பேச்சாக ஒருநாள் சொன்னாள். அவள் ‘அக்கா’ என்று கூப்பிடுவதைக் கேட்பதற்காகவே வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி வருவேன்.

புருஷன் வீட்டு விசேஷத்துக்காக அவள் நெல்லித்தோப்பு போயிருந்த சமயம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல நர்ஸ்தான் போங்கள்!

கீழ்வீட்டு அம்மா கதவில் வேப்பிலை செருகினார். “ஆத்தா வந்திருக்கா. மாத்திர கீத்திர தொடாதீங்க” என்று கட்டளை வேறு. இளநீரும் கேழ்வரகுக் கூழும் வாசலுக்கு வந்தன. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாதென்று கீழே கடுகு வெடிப்பதும் நின்றது. இத்தனை மாதம் இல்லாத உபசாரம்! அதுவும் எனக்கில்லை, என்மேல் வந்திருந்தவளுக்கு. எனக்குக் கோபமாகத்தான் வந்தது. மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்து விழுங்கினேன்.

ஒரு மத்தியானம் கீழே, நெல்லித்தோப்பிலிருந்து திரும்பிவிட்ட மகளின் குரல் கேட்டது.

“அக்காவுக்கு அம்மையாமே, பாத்துட்டு வந்துடறேன்.”

“போயி கும்பிட்டு வா. ஆத்தா கையால வேப்பில வாங்குனா சுகப்பிரசவம் ஆவும்” என்றார் அம்மா.

பிரசவம் நெருங்கும் நேரத்தில் தாய்க்கு இது ஒட்டினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. “இது தொத்து நோய், அவளை விடாதீங்க!” என்று கட்டிலிலிருந்தே கத்தினேன்.

“வவுத்துப் புள்ளைக்கு ஆத்தா கெடுதல் பண்ணுவாளா?” என்று கீழிருந்து சிரித்தார்.

கொலுசுச் சத்தம் படியேறிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் போட எழுந்தேன், காய்ச்சலில் கால் நிற்கவில்லை. வைத்தியம் பேசி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

“ஏறாதடீ!” என்றேன். தொண்டையெல்லாம் புண். அது என் குரலாகவே இல்லை. “என் படி மிதிக்காத. புள்ளையோட திரும்பிப் போ. நான் எறங்குற வரைக்கும் இந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது!”

கொலுசு நின்றது. கீழே தாம்பாளம் ஒன்று விழுந்து உருண்டது. “தாயே, தப்பு, மன்னிச்சிடு தாயே” என்று அந்த அம்மா கதறுவது கேட்டது. அன்றே மகளை ஆட்டோவில் ஏற்றி, சாரம் பகுதியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் படுத்தபடியே நிம்மதியில் அழுதேன்.

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நான் பழையபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். கீழ்வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே பார்க்கப் போனேன். படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் தையல் வலியோடு எழுந்து நின்றாள்.

“வாங்கம்மா.”

“என்னடி அம்மா? அன்னிக்குப் பேசினது நான்தான். உன்னைத் தடுக்க வேற வழி தெரியலை.”

“தெரியும்மா. உங்க வாயாலதான பேசினா. அவ தடுக்கலன்னா எம்புள்ள இருக்குமா?”

“பழையபடி அக்கான்னு கூப்பிடேன்” என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுத்தான் கெஞ்சினேன். அவள் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குழந்தையைத் துணியோடு எடுத்து, என் காலடியில் தரையில் கிடத்தினாள்.

தாயும் மகளும் கைகூப்பி நின்றார்கள். நான் குனிந்து குழந்தையை அள்ளிக்கொண்டேன். அந்த வீட்டில் என்னைக் கண்டு பயப்படாதது அது ஒன்றுதான்.